உருவெழுதக் கற்ற ஓவியர் இரவிவர்மா

சொல்லால் உருவம் சமைப்பவர் கவிஞர். கோட்டாலும் வண்ணத்தாலும் உருவம் சமைப்பவர் ஓவியர். இவ்விருவர் தொழிலும் நெருங்கிய உறவுடையது என்பதைத் தமிழ் இலக்கியம் நன்கு உணர்ந்திருந்தது. திருப்பரங்குன்றத்தில் தீட்டப்பட்டிருந்த காமன், இரதி, அகலிகை முதலியோரின் உருவங்களைக் கண்டு மக்கள் வினவியும் விடையிறுத்தும் மகிழ்ந்ததைப் பரிபாடல் பேசுகின்றது. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கிய வகைகள் உடலின் உறுப்புகளை வரிசையாகப் பாடும் பயிற்சியைப் புலவர்க்கு அளித்தன. சொல்லில் உடலை எழுதப் பயில்வது எத்துணை அரிதோ, அத்துணை அரிது கோட்டில் உடலை எழுதப் பயில்வது. அப்பயிற்சியைக் கலைப்பள்ளி எதிலும் சேராமல், முறையான ஆசிரியரும் வாய்க்காமல் மேற்கொண்டவர் இரவிவர்மா. அவர் பெற்ற பரிசுகளும் பட்டங்களும் பலராலும் பேசப்பட்டுள்ளன. அவர் கற்ற முறையும், கற்கையில் எதிர்கொண்ட இடர்களும் அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. கலை பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் பெரிதும் பயன்படுவது இப்பகுதியே ஆகும்.

இருவகை மரபுகள்

மனித உருவத்தைப் படைப்பதில் இருவகை மரபுகள் உண்டு. ஒன்று அளவின்வழிப் பட்டது. மற்றொன்று பார்வையின்வழிப் பட்டது. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மரத்தில் தெய்வ உருவங்களைச் செதுக்கும் கலைஞர்கள் முதல்வகை மரபினர். அவர்தம் மரச்சிற்பங்களுக்கு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்ப நூல்களின்படி முகத்தின் நீளம் ஒரு தாலம். ஒரு தாலம் பன்னிரண்டு அங்குலப் பகுப்புடையது. இங்கே அங்குலம் என்பது உருவத்தின் அளவிற்கேற்பக் கூடியும் குறைந்தும் வரும் ஓர் அலகு. நவதால உருவத்திற்கு 108 அங்குலமும், தலைமைத் தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்திற்கு 124 அங்குலமும் வகுக்கப்பட்டுள்ளன. இவ்வளவுகளை மாணவன் பட்டறையில் ஆசிரியரின் கையிலிருந்தே பெறுகின்றான். எதிரே ஒருவரை அமர்த்திப் பார்த்துச் செய்ய வேண்டிய தேவை அவனுக்கு இல்லை.

பார்வைவழி மரபில் நிலைமை வேறு. எதிரே அமர்ந்திருக்கும் மனிதர் நம்மை நோக்கிக் கையை நீட்டினால், அக்கை கண்ணுக்குக் குறுகித் தோன்றும். கையின் உண்மையான நீளத்தை அறிந்த மனம் அதனைக் குறுக்கி வரைய ஒப்புவதில்லை. ஒரு காலில் பளுவை ஊன்றி நின்றால் இடுப்பு ஒருபுறம் உயரும். தோள் அப்புறமே தாழும். கன்னத்தின் உருட்சியைக் காட்டக் கோடு போதாது. ஒளியும் நிழலும் வேண்டும். அறிந்ததை விடுத்துக் கண்டதை மட்டும் எழுதுவதே இக்கல்வியின் முதல் இடர்ப்பாடு. ஐரோப்பியக் கலைக்கூடங்களில் மாணவர்கள் முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைவர். பின்னர்ச் சுதை உருவங்களை வரைவர். அதன் பின்னரே உயிருள்ள மனிதரை எதிரில் நிறுத்தி வரைவர். எலும்பின் அமைப்பையும் தசையின் இயக்கத்தையும் தனியே கற்பர். இப்படிகளுள் எதுவும் முறையாக வாய்க்கப்பெறாத ஒருவர் இம்மரபில் இந்தியாவின் புகழ்மிக்க ஓவியரானார் என்பது எண்ணத்தக்கது.

கரிக்கோடு காட்டிய வழி

இரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். தந்தையார் எழுமாவில் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழிப் புலமை மிக்கவர். தாயார் உமையாம்பாத் தம்புராட்டி ஒரு கவிஞர். பார்வதி சுயம்வரம் என்னும் துள்ளற் பாட்டை இயற்றியவர். தாயின் மறைவிற்குப் பின் அந்நூலை இரவிவர்மாவே வெளியிட்டார். காவிய மாந்தர் பிற்காலத்தில் அவர் கையில் உருப்பெற்றமைக்குத் தாயின் பாட்டும் தந்தையின் புலமையும் நிறைந்த அவ்வீடே தொடக்கம் எனலாம்.

சிறுவயதில் அவர் அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் விலங்குகளையும் மனிதர்களையும் வரைந்தார். ஏவலர்கள் அதனைக் குறும்பு எனக் கருதினர். அவருடைய தாய்மாமன் இராஜராஜ வர்மா அவ்வாறு கருதவில்லை. தாய்மாமனும் தஞ்சாவூர் ஓவிய முறையில் தேர்ந்த ஓவியர். சுவாதித் திருநாள் மன்னரின் அவையில் விளங்கிய மதுரை அழகிரி நாயுடுவிடம் அவர் ஓவியம் பயின்றவர். அவர் பாதியில் விட்டுச் சென்ற படம் ஒன்றை மருமகன் எழுதி முடித்துவிட்டதாகவும், திரும்பி வந்து கண்டவர் சினவாமல் மகிழ்ந்ததாகவும் குடும்பத்தார் வழிவழியாகக் கூறுவர். எவ்வாறாயினும், கோடு இழுக்கவும் வண்ணம் அரைக்கவும் முதலில் கற்பித்தவர் தாய்மாமனே. கேரளத்து இளைஞரின் முதற்கல்வி தஞ்சையும் மதுரையும் தந்த தமிழ்நாட்டு ஓவிய மரபின் வழியாக வந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மறுத்த ஆசிரியர்

1862ஆம் ஆண்டில், பதினான்கு வயதில், தாய்மாமன் அவரைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்றார். 1860 முதல் 1880 வரை ஆண்ட ஆயில்யம் திருநாள் மன்னர் கலைகளில் ஈடுபாடு மிக்கவர். சிறுவனின் கைத்திறன் கண்டு அரண்மனையிலேயே தங்கிப் பயில வழிசெய்தார். அங்கே இருந்த ஐரோப்பிய ஓவியத் தொகுதிகளைப் பார்க்கும் வாய்ப்பும் கிட்டியது. அவற்றில் கண்ட மனித உருவங்கள் மாமன் கற்பித்த உருவங்களினின்றும் வேறுபட்டவை. தசையும் தோலும் தொட்டால் உணரத்தக்கவை போலத் தோன்றின. அவ்வியல்பைத் தந்தது எண்ணெய் வண்ணம் என அவர் அறிந்துகொண்டார். நீரில் குழைத்த வண்ணம் விரைவில் உலர்ந்துவிடும். எண்ணெயில் குழைத்தது மெல்ல உலர்வதால், ஒளியையும் நிழலையும் ஒன்றோடொன்று இழைக்க ஓவியர்க்குக் காலம் கிடைக்கும். உருவத்திற்குத் திரட்சி வருவது அந்த இழைப்பினால்தான்.

அக்கலை அறிந்தவர் அரண்மனையிலேயே இருந்தார். மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணத்தில் தேர்ந்த அவை ஓவியர். இளைஞர் அவரை அணுகினார். நாயக்கர் கற்பிக்க மறுத்துவிட்டார். அவர் செயலை இன்று எளிதில் பழித்துவிடலாம். ஆயினும், அவையோவியரின் வாழ்வு மன்னரின் ஆதரவை நம்பியது. கைத்தொழிலின் நுட்பம் அவர்க்கு வயல்போன்ற உடைமை. அரச குடும்பத்தோடு தொடர்புடைய இளைஞர் ஒருவர் அதனைக் கற்றுக்கொண்டால் தம் இடம் நிலைக்குமா என்னும் அச்சம் அவர்க்கு இருந்திருத்தல் இயல்பே. அவ்வச்சத்தை நாம் விளங்கிக்கொள்ளலாம். அதனால் கல்விக்கு நேர்ந்த இழப்பை மறைத்தல் இயலாது.

இவ்விடத்தில் தென்பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரோடு தொடர்புடைய கபிலர் நினைவுக்கு வருகின்றார். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் அகநெறியை அறிவித்தற்பொருட்டு அவர் குறிஞ்சிப்பாட்டை இயற்றினார் என்பது வழக்கு. கேட்டவன் வேற்று மொழியினன் என்பதனால் அவர் மறைக்கவில்லை. அவனுக்காக ஒரு பாட்டையே படைத்தார். நன்னூலின் பொதுப்பாயிரமும் ஆசிரியன் இயல்பு, மாணாக்கன் இயல்பு, கொடுக்கும் முறை, கொள்ளும் முறை என வகுத்துப் பேசும். கொடுப்பாரின்றிக் கொள்ளும் முறை ஒன்றை இரவிவர்மா தாமே கண்டறிய வேண்டியதாயிற்று.

இரவில் வந்த உதவி

நாயக்கரிடம் பயின்றுகொண்டிருந்த ஆறுமுகம் பிள்ளை என்னும் இளைஞர் ஆசிரியரின் விருப்பத்திற்கு மாறாக இரவிவர்மாவிற்கு உதவ முன்வந்தார். ஆசிரியர் அறியாதவாறு இரவில் வந்து, தாம் கற்ற வண்ணக் கலவை நுட்பங்களை அவர்க்குச் சொல்லிக்கொடுத்தார். கற்றுக்கொண்டிருந்த மாணவர் ஒருவரே மற்றொரு மாணவர்க்கு ஆசிரியரானார். ஆறுமுகம் பிள்ளை பின்னர்ப் பெரும்புகழ் பெற்றவராக ஓவிய வரலாறு காட்டவில்லை. ஆயினும் இரவிவர்மாவின் புகழில் அவர்க்கும் பங்குண்டு என்று கூறுதல் மிகையாகாது.

1868ஆம் ஆண்டில் மற்றொரு வாய்ப்பு வந்தது. டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்தில் தொழில் புரிந்த தியோடர் ஜென்சன் என்னும் ஓவியர், மன்னர் குடும்பத்தாரின் உருவங்களை எழுதத் திருவனந்தபுரம் வந்தார். இரவிவர்மாவிற்குக் கற்பிக்குமாறு மன்னரே கேட்டும் அவர் இசையவில்லை. தாம் எழுதும்போது அருகிருந்து பார்க்க மட்டும் ஒப்புக்கொண்டார். பார்ப்பவர்க்குத் தூரிகையின் போக்குத் தெரியும். அவ்வாறு போவதன் காரணம் தெரியாது. எந்த வண்ணம் எதனோடு சேர்கின்றது என்பது தெரியும். எவ்வளவு சேர்ந்தது என்பது தெரியாது. இவ்விடைவெளிகளை இரவிவர்மா தம் அறையில் தாமே செய்து பார்த்தும் அழித்தும் நிரப்பிக்கொண்டார். ஜென்சன் சென்றபின் அவர் முறையைப் பின்பற்றி மன்னர் குடும்பத்தாரின் உருவங்களை எழுதினார். மன்னர் அவர்க்கு வீரசிருங்கலை அளித்துச் சிறப்பித்தார்.

எதிரே அமர்ந்த மனிதர்

மறுக்கப்பட்ட கல்வியின் ஒரு பகுதியை அவர் இவ்வாறு ஈட்டினார். உயிருருவத்தை நேரிற்கண்டு வரையும் பயிற்சி எஞ்சியிருந்தது. 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி சென்னையில் இருந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கலைப்பள்ளிகள் இருந்தன. அவற்றுள் எதிலும் இரவிவர்மா பயிலவில்லை. அக்காலத்துக் குடும்பப் பெண்கள் அயலார் முன் ஓவியத்திற்காக அமர்வது வழக்கமன்று. எனவே அவர்க்கு வாய்த்த வகுப்பறை வாடிக்கையாளரின் இல்லங்களே ஆகும்.

1866ஆம் ஆண்டில் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதி பாயியை அவர் மணந்தார். 1870ஆம் ஆண்டில் கொல்லூர் மூகாம்பிகையை வழிபட்டுத் திரும்புகையில், கோழிக்கோட்டில் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோனின் குடும்பத்தாரை ஊதியம் பெற்று எழுதினார். பணத்திற்காக அவர் எழுதிய முதற்படம் இதுவே என்பர். ஓவியத்தைத் தொழிலாகக் கொள்வது உயர்குடியினர்க்கு இழுக்கெனக் கருதப்பட்ட காலம் அது. அதனை அவர் பொருட்படுத்தவில்லை. எழுதுவதற்கென்று மனிதர்கள் எதிரே வந்து பொறுமையாக அமரும் வாய்ப்பு அத்தொழிலால்தான் அவர்க்குக் கிட்டியது. ஒவ்வொரு முகமும் ஒரு பாடமாயிற்று.

1873ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சிக்கு, கூந்தலில் மலர் சூடும் நாயர்ப் பெண்ணின் படத்தை அனுப்பினார். அதற்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவ்வாண்டே வியன்னாவிலும் அப்படம் பாராட்டுப் பெற்றது. மறு ஆண்டில் இசைக்கருவி மீட்டும் தமிழ்ப் பெண்ணின் படம் சென்னையில் பரிசு பெற்றது. இவ்விரண்டும் ஓர் உருவம் மட்டுமே அமைந்த படங்கள் என்பதைக் கருதுதல் வேண்டும். கூந்தலை நோக்கி உயர்ந்து மடங்கும் கையும், நரம்பின்மேல் படியும் விரல்களும் உருவெழுதப் பயில்வோரைப் பெரிதும் அலைக்கழிக்கும் பகுதிகள். அவற்றையே அவர் விரும்பி ஏற்றுக்கொண்டார். தம் கல்வியின் நிலையைத் தாமே அறிந்து, ஓர் உருவத்தில் நிறைவு கண்ட பின்னரே பல உருவங்களுக்குச் சென்றார்.

காவிய மாந்தர்க்கு உடல் தந்தவர்

1876ஆம் ஆண்டு சென்னைக் கண்காட்சியில் வைக்கப்பட்ட சகுந்தலையின் மடல் என்னும் படத்தை ஆளுநர் பக்கிங்காம் கோமகனார் வாங்கினார். மோனியர் வில்லியம்சின் சாகுந்தல மொழிபெயர்ப்பு நூலிலும் அப்படம் இடம்பெற்றது. அதுவரை எதிரே அமர்ந்தவரை எழுதியவர், இப்போது எதிரே இல்லாதவரை எழுதத் தொடங்கினார். காளிதாசன் சொல்லில் வைத்துச் சென்ற பெண்ணுக்குக் கையும் காலும் தருவது புதுவகைத் தேர்வாக அமைந்தது.

அத்தேர்வில் அவர் பெற்ற வெற்றிக்குச் சகுந்தலை துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் படம் சான்றாகும். காலில் முள் தைத்ததாகப் பாவனை செய்து, தோழியின் தோளைப் பற்றிக்கொண்டு ஒரு காலில் நின்று, மறுகாலை உயர்த்தி, முகத்தை மட்டும் பின்னே திருப்புகின்றாள் அவள். நாடகத்தில் ஒரு சிறு குறிப்பாக வருவது படத்தில் உடல் முழுவதும் பரவியுள்ளது. பளுவைத் தாங்கும் கால், சாயும் இடுப்பு, முறுகும் கழுத்து ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்தாலன்றி உருவம் விழுந்துவிடும். இரவிவர்மாவின் சகுந்தலை விழவில்லை. காதலை மறைக்க முயலும் உடல் அதனையே வெளிப்படுத்திவிடுவதைக் காண்போர் உணர்கின்றனர். அகப்பாடல்களில் பழகிய தமிழ்க் கவிஞர்கள் இதன் அருமையை நன்கு அறிவர்.

1880இல் ஆயில்யம் திருநாள் மறைந்தபின் திருவிதாங்கூர் அவையில் அவர்க்கு முன்போல் ஆதரவு இல்லை. முன்னாள் திவான் மாதவராவின் வழியாகப் பரோடாவின் தொடர்பு ஏற்பட்டது. சாயாஜிராவ் மன்னர் 1888இல் பதினான்கு புராண ஓவியங்களை வேண்டினார். இரவிவர்மாவும் தம்பி இராஜராஜ வர்மாவும் வடநாடெங்கும் பயணம் செய்து மக்களின் உடையையும் தோற்றத்தையும் கண்டனர். ஓவியங்கள் 1890இல் நிறைவெய்தின. 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்துப் படங்கள் இந்தியப் பெண்களின் பல்வேறு தோற்றங்களைக் காட்டிப் பதக்கம் பெற்றன. அதே ஆண்டில் எழுதிய, தந்தையின் வருகையைக் குழந்தைக்குச் சுட்டிக்காட்டும் தாயின் படத்திற்கு அவர் மகள் மகாபிரபையே முன்னிருந்தார். முகத்தை விட்டு, குழந்தையைத் தாங்கும் இடுப்பையும் கையையும் நோக்கினால், இருபதாண்டுப் பயிற்சியின் பயன் விளங்கும்.

குறைகளும் கண்டனங்களும்

பள்ளியின்றிக் கற்றதன் தழும்புகளும் அவர் படங்களில் உண்டு. பல உருவங்களை ஒருங்கே அமைக்கும்போது, ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்ந்து எழுதப்பட்டவர் போலத் தோன்றுவதுண்டு. மைசூரில் உள்ள, பல நாட்டுப் பெண்கள் பதினொருவர் கூடிய இசைக்குழுப் படம் இதற்கு எடுத்துக்காட்டு. ஒவ்வொரு முகமும் அழகு. ஒருவர் இசையை மற்றவர் கேட்பதாகத் தோன்றவில்லை. சில படங்களில் உணர்ச்சி உடலிலிருந்து எழாமல் நாடக மேடையின் நிலைகளிலிருந்து வந்துள்ளது. உருவெழுதும் கல்வியைத் தனி முகங்களிலிருந்து தொடங்கியவர்க்குக் கூட்டத்தை அமைப்பது இறுதிவரை கடினமாகவே இருந்தது.

அறிஞர் சிலரின் கண்டனம் இதனினும் கடுமையானது. சென்னைக் கலைப்பள்ளியில் பணியாற்றிப் பின் கல்கத்தா சென்ற ஹேவல், நிவேதிதை அம்மையார், ஈழத்தமிழர் முத்துக்குமாரசுவாமியின் மகனார் ஆனந்த குமாரசுவாமி ஆகியோர் இரவிவர்மாவின் ஓவியங்களில் இந்தியக் கலையின் ஆன்ம உயர்வு இல்லை என்றனர். தெய்வங்கள் வெறும் மனிதராகத் தாழ்ந்துவிட்டன என்பது அவர்தம் குறை. தரையில் கிடந்து மடல் எழுதும் சகுந்தலையின் நிலையே நிவேதிதைக்கு உடன்பாடில்லை. இக்கண்டனத்தில் உண்மை உண்டு. தாலக் கணக்கில் அமைந்த செப்புத் திருமேனியில் காணும் அமைதி அவர் தெய்வங்களில் இல்லை. ஆயினும், அவர் அந்த அமைதியைத் தேடித் தோற்றவர் அல்லர். கண்ணெதிரே வாழும் உடலின் உண்மையைத் தேடியவர். அதனை எந்த அளவிற்கு அடைந்தார் என்று வினவுதலே முறையான மதிப்பீடாகும்.

கற்றதைக் கொடுத்தவர்

தமக்கு மறுக்கப்பட்டதை இரவிவர்மா பிறர்க்கு மறுக்கவில்லை. 1860இல் பிறந்த தம்பி இராஜராஜ வர்மாவைத் தம்முடன் வைத்துப் பயிற்றினார். தம்பி இயற்கைக் காட்சிகளை எழுதுவதில் தேர்ந்து, தமையனின் படங்களில் பின்புலம் அமைத்தும் பயணங்களில் உடன்சென்றும் துணைநின்றார். அவர் எழுதிய நாட்குறிப்பு இருவரின் உழைப்பையும் அறிவதற்கு அரிய சான்றாக உள்ளது. தங்கை மங்களா பாயியும் ஓவியரானார்; தமையனின் உருவத்தை எழுதியவர் அவர். இரவிவர்மாவின் மகன் இராம வர்மா பம்பாய்க் கலைப்பள்ளியில் முறையாகப் பயின்றார். தந்தையின் பெயரால் மாவேலிக்கரையில் 1915ஆம் ஆண்டு ஓர் ஓவியப் பள்ளியை அவர் நிறுவினார். கற்பிப்பாரைத் தேடி அலைந்தவரின் பெயரில் கற்பிக்கும் இடம் ஒன்று எழுந்தது.

1894இல் பம்பாய்க்கு அருகில் அச்சகம் ஒன்றையும் இரவிவர்மா தொடங்கினார். அதனால் பொருளிழப்பு நேர்ந்தது. பின்னர் அதனை ஜெர்மானியரான பிரிட்ஸ் ஷ்லைஷருக்கு விற்றுவிட்டார். ஆயினும் அதில் அச்சான இலக்குமியும் கலைமகளும் எளியவர் வீட்டுச் சுவர்களையும் அடைந்தனர். அரண்மனைக்குள் பூட்டப்பட்டிருந்த படங்களைத் தாம் காணப் பெற்ற பேற்றை, அரண்மனை காணாத மக்களுக்கும் அவர் ஆக்கித் தந்தார். பிற்கால நாட்காட்டிப் படங்களுக்கு அவை முன்னோடியாயின.

1905இல் தம்பி மறைந்தார். நீரிழிவு நோயால் தளர்ந்திருந்த இரவிவர்மாவை அப்பிரிவு மேலும் வருத்தியது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரில் தம் ஐம்பத்தெட்டாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அப்போது இருபத்து நான்கு வயது நிறையாத பாரதியார், ஓவியர்மணி இரவிவர்மா எனப் போற்றி இரங்கற்பா பாடினார். சொற்கலைஞர் ஒருவர் கோட்டுக்கலைஞர்க்குச் செலுத்திய அவ்வணக்கம் தமிழ்க் கவிதை வரலாற்றில் தனியிடம் பெறுவது. 1979ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வமாக அறிவித்து, அவை வெளிநாடு செல்வதைத் தடைசெய்தது.

நிறைவுரை

மறுப்பே அவரை வளர்த்தது என்று கூறுவாரும் உளர். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. மறுப்பு அவர் கல்வியைத் தாமதப்படுத்தியது. சில குறைகளை இறுதிவரை நிலைக்கச் செய்தது. அவரை வளர்த்தவை மாமனின் அரவணைப்பும், மன்னரின் ஆதரவும், இரவில் வந்த ஆறுமுகம் பிள்ளையின் துணிவும், அவருடைய ஓயாத உழைப்பும் ஆகும். அரண்மனைத் தொடர்பு இல்லாத வேறோர் ஏழை மாணவனிடம் அதே கதவு மூடப்பட்டிருந்தால், அவன் பெயரை இன்று எவரும் அறியார்.

இலக்கிய வட்டங்கள் ஆண்டுகள் பல கடந்து நிலைப்பது, மூத்தவர் தாம் கற்றதை இளையவர்க்கு மறைக்காமல் வழங்குவதால்தான். யாப்பின் நுட்பமாயினும் உளியின் நுட்பமாயினும் மறைத்து வைத்தால் அது வைத்தவரோடு மறையும். கபிலர் குறிஞ்சிப்பாட்டால் செய்ததை ஆறுமுகம் பிள்ளை தமக்குத் தெரிந்த வண்ணக் கலவையால் செய்தார். உருவெழுதக் கற்ற இரவிவர்மாவின் வாழ்க்கை, கற்பார்க்கு உழைப்பின் உயர்வையும் கற்பிப்பார்க்கு வழங்குதலின் கடமையையும் ஒருங்கே உணர்த்துகின்றது.